ஆறு நாட்களில் எட்டு இடங்கள் வேண்டாம்

கேள்வி: கலிபோர்னியாவின் பிரீமாண்ட் நகரில் வசிக்கிறேன். சேலத்திலிருந்து வந்திருக்கும் என் பெற்றோர் அக்டோபர் இறுதிவரை எங்களுடன் இருப்பார்கள். அப்பாவுக்கு 70 வயது. பொதுப்பணித் துறையில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எடுத்துக்கொள்கிறார். அம்மாவுக்கு 65 வயது, முழங்கால் வலி உண்டு, சுத்த சைவம். பிள்ளைகளுக்குப் பத்து வயதும் ஐந்து வயதும். ஜூன் கடைசி வாரத்தில் ஆறு நாட்களில் டெத் வேலி, லாஸ் வேகாஸ், ஸயான், பிரைஸ் கேன்யன், ஆண்டலோப் கேன்யன், மானுமென்ட் வேலி, கிராண்ட் கேன்யன், செடோனா ஆகிய எட்டையும் வீட்டிலிருந்து காரிலேயே சென்று பார்த்துத் திரும்ப எண்ணுகிறோம். படுக்கையும் சமையல் வசதியும் உள்ள ஆர்.வி. வண்டி எடுக்கலாமா என்ற யோசனையும் இருக்கிறது. சின்னவனுக்கு மணல்மேட்டில் விளையாட வேண்டுமாம். எங்கள் திட்டம் சரியாக வருமா?

பதில்: பெற்றோர் இங்கே இருக்கும்போதே அவர்களுக்கு இந்த நிலத்தைக் காட்டிவிட வேண்டும் என்ற உங்கள் ஆவல் எனக்கு நன்றாகப் புரிகிறது. ஆனாலும் இந்தத் திட்டத்தை இப்படியே நடத்த வேண்டாம் என்றுதான் சொல்வேன். நீங்கள் எழுதியிருக்கும் எட்டு இடங்களையும் வரிசையாகத் தொட்டுவிட்டு வீடு திரும்பினால் பயணத் தொலைவு 2,000 மைலைத் தாண்டும். ஆறு நாட்களில் 35 மணி நேரத்துக்குக் குறையாமல் நீங்கள் ஸ்டியரிங்கைப் பிடித்திருக்க வேண்டும். உங்கள் தாயார் மடக்கிய முழங்காலோடு அத்தனை மணி நேரமும் பின்னிருக்கையில் உட்கார்ந்திருக்க வேண்டும். காலையும் மாலையும் நெடுஞ்சாலையில் கழிந்து, நடுப்பகல் வெயிலில் ஒவ்வோர் இடத்திலும் இறங்கி, படம் எடுத்து, மீண்டும் ஏறுவதாகவே அது முடியும். இந்த இடங்களின் பாறைகள் நிறம் கொள்வதோ விடிந்த முதல் ஒரு மணி நேரத்திலும், பொழுது சாயும் கடைசி ஒரு மணி நேரத்திலும்தான். அந்த இரண்டு வேளைகளிலும் நீங்கள் வண்டியில் அல்லாமல் அந்த இடத்திலேயே இருக்கும்படி திட்டமிடுவதுதான் என் ஆலோசனையின் சாரம். கீழே சொல்லும் மற்ற எல்லாம் அதிலிருந்து வருபவையே.

முதலில் மாதத்தை மாற்றுங்கள். பெற்றோர் அக்டோபர் இறுதிவரை இருப்பதால், அக்டோபர் முதல் இரண்டு வாரங்களில் ஒரு சனிக்கிழமை புறப்பட்டு அடுத்த சனிக்கிழமை திரும்பும் எட்டு நாள் பயணமாக இதை வைத்துக்கொள்ளலாம். உங்களுக்கும் பிள்ளைகளின் பள்ளிக்கும் ஐந்து நாள் விடுப்பு தேவைப்படும். அதைக் கேட்டுப் பெறுவதற்குத் தகுதியான காரணம் இது என்றே நினைக்கிறேன். ஜூன் இறுதியில் லாஸ் வேகாஸிலும், ஆண்டலோப் கேன்யனை ஒட்டிய பேஜ் நகரத்திலும் பகலில் நிழலில்லாத இடத்தில் முதியவர்களை நிறுத்திவைப்பது முறையல்ல. ரத்த அழுத்த மாத்திரைகளில் சில உடலின் நீரை வெளியேற்றும் வகையைச் சேர்ந்தவை. தந்தையார் எடுப்பது எந்த வகை, வெயிலிலும் உயரமான இடங்களிலும் என்ன கவனம் தேவை என்பதை எந்த மாதத்தில் சென்றாலும் புறப்படுமுன் மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள்.

டெத் வேலியை இந்தப் பயணத்திலிருந்து முழுவதுமாக எடுத்துவிடுங்கள். 1913-ஆம் ஆண்டு ஜூலை 10 அன்று அங்குள்ள ஃபர்னஸ் கிரீக்கில் 134 டிகிரி பாரன்ஹீட், அதாவது 56.7 டிகிரி செல்சியஸ் பதிவானது. உலகில் பதிவான மிக உயர்ந்த காற்று வெப்பநிலையாக இன்றும் அதுவே அதிகாரபூர்வமாகக் குறிக்கப்படுகிறது. ஜூலையில் அங்கே பகல் உச்ச வெப்பம் சராசரியாகவே 116 டிகிரி பாரன்ஹீட்டைத் தாண்டும். வெப்பம் மிகும்போது காற்றின் அடர்த்தி குறைந்து மீட்பு ஹெலிகாப்டர்கள் பறக்கவும் இயலாமல் போகும். கடல் மட்டத்துக்கு 282 அடி கீழே இருக்கும் பேட்வாட்டர் உப்புப் படுகை காண வேண்டிய இடம்தான். அதைப் பிள்ளைகளோடு ஏதாவது ஒரு ஜனவரியிலோ பிப்ரவரியிலோ தனியாகப் பாருங்கள். செடோனாவையும் விட்டுவிடலாம். மானுமென்ட் வேலியை விடச் சொல்வதற்குத்தான் எனக்கு மனம் வரவில்லை. அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

பிரீமாண்டிலிருந்து லாஸ் வேகாஸ்வரை காரில் வர வேண்டாம். அந்த 500 மைலுக்கு மேற்பட்ட சாலை ஒரு முழு நாளை விழுங்கிவிடும். விமானத்தில் ஒன்றரை மணி நேரம்தான். லாஸ் வேகாஸில் இறங்கி, ஆறு பேரும் பெட்டிகளும் தாராளமாகக் கொள்ளும் மினிவேன் ஒன்றை வாடகைக்கு எடுத்துக்கொள்ளுங்கள். ஆர்.வி. வண்டி உங்களுக்கு ஏற்றதல்ல. ஸயானிலிருந்து கிழக்கே செல்லும் சாலையில் 1.1 மைல் நீளச் சுரங்கப்பாதை ஒன்று இருக்கிறது. 1930-இல் அக்காலக் கார்களின் அளவுக்குக் குடையப்பட்டது அது. பெரிய வண்டிகளுக்கு அங்கே கடுமையான கட்டுப்பாடு உண்டு. அந்தச் சாலையை இழந்தால் பயணத்தின் மிக அழகான பகுதிகளில் ஒன்றை இழந்தவராவீர்கள். மேலும், ஆர்.வி.யின் குறுகிய படிகளில் நாளுக்குப் பத்து முறை ஏறி இறங்குவது உங்கள் தாயாரின் முழங்காலுக்கு ஆகாது.

நான் சொல்லும் வழி இதுதான். லாஸ் வேகாஸிலிருந்து ஸயானின் வாசலில் இருக்கும் ஸ்பிரிங்டேல் ஊருக்கு 160 மைல். அங்கே இரண்டு இரவுகள். அங்கிருந்து பிரைஸ் கேன்யனுக்கு 85 மைல், ஓர் இரவு. பிறகு பேஜ் நகரத்துக்கு 150 மைல், இரண்டு இரவுகள். பேஜிலிருந்து கிராண்ட் கேன்யனின் தெற்கு விளிம்புக்கு ஏறத்தாழ 135 மைல், இரண்டு இரவுகள். கடைசி நாளில் மட்டும் லாஸ் வேகாஸ் திரும்ப 280 மைல் ஓட்ட வேண்டியிருக்கும். அந்த ஒரு நாளைத் தவிர வேறெந்த நாளிலும் மூன்றரை மணி நேரத்துக்கு மேல் சாலையில் இருக்க மாட்டீர்கள்.

இந்த வழியை நான் தேர்ந்தெடுப்பதற்கு வசதி மட்டும் காரணமல்ல. பாலைவனம் என்றதும் நம் மனத்தில் மணலும் ஒட்டகமும்தான் தோன்றும். இங்கே நீங்கள் காணப்போவது, மணல் கல்லாகி நிற்கும் நிலம். சுமார் 18 கோடி ஆண்டுகளுக்கு முன் இப்பகுதி முழுவதும் காற்று குவித்த மணல்மேடுகளாக இருந்தது. அந்த மணல் மேன்மேலும் படிந்து, இறுகி, இன்று நவஹோ மணற்கல் என்று அழைக்கப்படும் பாறையாயிற்று. ஸயானில் 2,000 அடி உயரச் சுவர்களாக நிற்பது அந்தக் கல்தான். சுரங்கப்பாதையைத் தாண்டியதும் வலப்பக்கம் வரும் செக்கர்போர்டு மேசா என்ற குன்றின் மேல் குறுக்கும் நெடுக்குமாகக் கோடுகள் ஓடும். அவற்றுள் சாய்ந்து செல்லும் கோடுகள் அன்றைய மணல்மேடுகளின் சரிவுகளே. பேஜ் நகரில் கொலராடோ ஆறு குதிரை லாடம் போல வளைந்து அறுத்திருப்பதும் இதே கல். ஆண்டலோப் கேன்யனில் திடீர் வெள்ளம் நூற்றாண்டுகளாக வழவழப்பாக இழைத்திருப்பதும் இதே கல். கட்டுமானக் கற்களோடும் மண்ணோடும் பணிக்காலம் முழுதும் பழகிய உங்கள் தந்தையார் இதைப் பேரப் பிள்ளைகளுக்கு என்னைவிட நன்றாகச் சொல்லிக்கொடுப்பார்.

உங்கள் இளைய மகனின் ஆசையும் இந்த வழியிலேயே நிறைவேறும். பிரைஸிலிருந்து பேஜ் செல்லும் நாளில், மவுண்ட் கார்மல் சந்திப்புக்கும் கனாப் ஊருக்கும் இடையே சற்று விலகிச் சென்றால் கோரல் பிங்க் சேண்ட் டியூன்ஸ் என்ற மாநிலப் பூங்கா இருக்கிறது. நவஹோ மணற்கல் தேய்ந்து உதிர்ந்து மீண்டும் மணலாகி, இளஞ்சிவப்பு மேடுகளாகக் குவிந்திருக்கும் இடம் அது. டெத் வேலியின் மணல்மேடுகளுக்காக ஒரு நாளைச் செலவிடுவதைவிட இங்கே இரண்டு மணி நேரம் அவனை விளையாட விடுவது எவ்வளவோ மேல். மணலில் ஓட்டும் மோட்டார் வண்டிகளும் அங்கே அனுமதிக்கப்படுவதால், மேட்டின் மறுபுறம் அவனைத் தனியாக விட வேண்டாம்.

இனி ஒவ்வோர் இடத்திலும் தாயாருக்கு ஏற்றவற்றைச் சொல்கிறேன். ஸயானில் அக்டோபரில் உட்பள்ளத்தாக்குச் சாலையில் தனி வண்டிகளை விடமாட்டார்கள். இலவச ஷட்டில் பேருந்தில்தான் செல்ல வேண்டும். காலை ஏழரை மணிக்கெல்லாம் முதல் வரிசையில் நின்றால் கூட்டமில்லாமல் போகலாம். ஆற்றங்கரையை ஒட்டிய பாரஸ் நடைபாதையும், ஷட்டிலின் கடைசி நிறுத்தத்தில் தொடங்கும் ரிவர்சைட் வாக் என்ற பாதையும் தளமிட்டவை. வேண்டிய இடத்தில் உட்கார்ந்து திரும்பிவிடலாம். ஏஞ்சல்ஸ் லேண்டிங் மலைமுகட்டுக்கு 2022 முதல் முன்அனுமதி பெற வேண்டும். சங்கிலியைப் பிடித்து ஏறும் அந்தப் பாதையைப் பத்து வயதுப் பிள்ளையோடு நினைக்கவே வேண்டாம்.

பிரைஸ் கேன்யனில் நீங்கள் மறக்கக்கூடாதது உயரம். அதன் விளிம்பு 8,000 அடியிலிருந்து 9,000 அடிவரை செல்கிறது. நம் ஊட்டியைவிட உயரமானது. வேகமாக நடந்தால் மூச்சு வாங்கும். இரவில் அக்டோபரிலேயே தண்ணீர் உறையும் அளவுக்குக் குளிரும் என்பதால் சால்வை மட்டும் போதாது. பெற்றோருக்குக் கனமான ஜாக்கெட், கையுறை, குல்லாய் எடுத்துச் செல்லுங்கள். பாலைவனப் பயணத்துக்குக் குளிராடையா என்று கேட்டு வெறுங்கையோடு வந்தவர்கள், பார்க்க வந்த விடியலைப் பார்க்காமல் அறைக்குத் திரும்பியதைப் பலமுறை கண்டிருக்கிறேன். அங்குள்ள ஆயிரக்கணக்கான கல்தூண்களைச் செதுக்கியதும் அந்தக் குளிர்தான். ஆண்டின் ஏறத்தாழப் பாதி நாட்களில் பகலில் உருகும் பனிநீர் பாறை வெடிப்புகளில் இறங்கி, இரவில் உறைந்து விரிந்து, கல்லைப் பிளக்கிறது. சன்ரைஸ் பாயின்டுக்கும் சன்செட் பாயின்டுக்கும் இடையிலான அரை மைல் விளிம்புப் பாதை தளமிட்டது, பெரிதும் சமதளமானது. தாயாருக்கு அதுவே போதும். அக்டோபர் தொடக்கத்தில் சூரியன் காலை ஏழேகால் மணிக்கு மேல்தான் எழும் என்பதால் யாரையும் அகாலத்தில் எழுப்ப வேண்டியதில்லை. தூண்கள் நிற்கும், அரைவட்ட அரங்கு போன்ற பள்ளம் கிழக்கு நோக்கி இருப்பதால், முதல் ஒளி நேராகத் தூண்களின் மேல் விழுந்து அவற்றை உள்ளிருந்து எரிவன போலக் காட்டும். இந்தப் பயணத்தில் ஒரே ஒரு விடியலைத்தான் பார்க்க முடியும் என்றால் நான் இதைத்தான் தேர்ந்தெடுப்பேன்.

பிரைஸிலிருந்து பேஜ் செல்லும்போது ஓர் எச்சரிக்கை. வரைபடச் செயலி சில வேளைகளில் காட்டன்வுட் கேன்யன் சாலையைக் குறுக்குவழியாகக் காட்டும். அது தளமிடாத மண்சாலை. மழை பெய்தால் களிமண் குழைந்து எந்த வண்டியையும் சிக்கவைத்துவிடும். கைப்பேசிக்கும் பெரும்பாலும் சிக்னல் இருக்காது. செயலி என்ன சொன்னாலும் 89-ஆம் எண் நெடுஞ்சாலையில் கனாப் வழியாகவே செல்லுங்கள். கனாபில் டேங்கை நிரப்பிக்கொள்ளுங்கள்; பேஜ்வரை 70 மைலுக்கு மேல் ஏறத்தாழ வெற்று நிலம். பொதுவாகவே இந்த நிலத்தில் டேங்க் பாதியானதும் நிரப்பிவிடுவது நல்ல பழக்கம். வரைபடங்களை முன்கூட்டியே ஆஃப்லைனில் இறக்கிவைத்துக்கொள்ளுங்கள். வண்டி நின்றுவிட்டால் வண்டியை விட்டு நடக்காதீர்கள். வண்டியின் நிழலும் அதிலுள்ள தண்ணீரும்தான் உங்களுக்குப் பாதுகாப்பு.

ஆண்டலோப் கேன்யன் அமெரிக்கப் பழங்குடியினரான நவஹோ மக்களின் நிலத்தில் இருக்கிறது. அவர்களுடைய வழிகாட்டி இல்லாமல் அதற்குள் நுழைய முடியாது. 1997 ஆகஸ்டில் பல மைல் தொலைவில் பெய்த மழையின் வெள்ளம் திடீரெனப் பாய்ந்து அங்கே 11 பேர் இறந்தனர். எனவே வானிலை காரணமாகச் சுற்றுலாவை ரத்து செய்கிறார்கள் என்றால் வாதிடாமல் ஏற்றுக்கொள்ளுங்கள். ஆண்டலோப்பின் இரு பகுதிகளில் கீழ்ப் பள்ளத்தாக்கில் செங்குத்தான இரும்புப் படிகள் உண்டு; தாயாருக்கு அது வேண்டாம். மேல்பள்ளத்தாக்கின் தரை சமமானது. ஆயினும் வெளியேறும் வழியில் எத்தனை படிகள் இருக்கும், மணலில் செல்லும் வண்டி எவ்வளவு குலுங்கும் என்பவற்றை முன்பதிவின்போதே கேட்டுக்கொள்ளுங்கள். ஆறு லாடம் போல வளையும் ஹார்ஸ்ஷூ பெண்டுக்குப் போய்வர ஒன்றரை மைல் நடக்க வேண்டும். விளிம்பின் ஒரு பகுதியில் மட்டுமே கம்பித் தடுப்பு இருக்கிறது. ஆறு 1,000 அடி கீழே ஓடுகிறது. அங்கே சின்னவனின் கை ஒருவரது பிடியிலேயே இருக்கட்டும்.

நேரக் கணக்கில் பலர் ஏமாறுவது பேஜ் நகரத்தில்தான். அக்டோபரில், ஸயானும் பிரைஸும் இருக்கும் யூட்டா மாநிலத்தின் நேரம் லாஸ் வேகாஸ் இருக்கும் நெவாடாவைவிட ஒரு மணி முன்னால் இருக்கும். பேஜ் இருக்கும் அரிசோனா கோடைக்கால நேரமாற்றத்தைப் பின்பற்றாததால் அங்கே நெவாடாவின் நேரமே இருக்கும். ஆனால் அரிசோனாவுக்குள் இருக்கும் நவஹோ நிலம் நேரமாற்றத்தைப் பின்பற்றுவதால் அங்கே மீண்டும் ஒரு மணி முன்னால். பேஜ் இந்த எல்லைகளின் அருகே இருப்பதால் கைப்பேசியின் கடிகாரம் தானாகவே மாறி மாறிக் காட்டும். ஆண்டலோப் முன்பதிவு எந்த நேரப்படி என்று அவர்களிடமே கேட்டு, கைக்கடிகாரத்தை அதற்கேற்ப வைத்துக்கொள்ளுங்கள்.

மானுமென்ட் வேலி பேஜிலிருந்து 120 மைலுக்குச் சற்று மேல். ஒன்பதாவது நாள் கிடைத்தால் அங்கே ஓர் இரவு தங்குங்கள். உள்ளே செல்லும் 17 மைல் சுற்றுச் சாலை குண்டும் குழியுமான மண்சாலை. தாயார் அதில் வர வேண்டியதில்லை. பார்வையாளர் மையத்தின் முற்றத்தில் நாற்காலியில் அமர்ந்தபடியே மூன்று பெரும் குன்றுகளும் பொழுதோடு நிறம் மாறுவதை அவர் காணலாம். இதுவும் நவஹோ நிலமே. நவஹோ தேசத்தின் பரப்பு சுமார் 27,000 சதுர மைல், இலங்கைத் தீவைவிடப் பெரியது. அதற்கெனத் தனி அரசும் சட்டங்களும் உண்டு. மது அங்கே தடைசெய்யப்பட்டது. மனிதர்களை அவர்கள் அனுமதியின்றிப் படமெடுப்பது மரியாதைக் குறைவு. தேசியப் பூங்காக்களுக்கான ஆண்டு அனுமதிச் சீட்டு அங்கே செல்லாது. தேசியப் பூங்காக்களிலும், அமெரிக்காவில் வசிக்காதவர்களுக்கான கட்டணம் 2026 ஜனவரி முதல் தனியாக உயர்த்தப்பட்டிருக்கிறது. உங்கள் பெற்றோருக்கு அது பொருந்தும் என்பதால் செலவுக் கணக்கில் முன்னரே சேர்த்துக்கொள்ளுங்கள்.

கிராண்ட் கேன்யனுக்கு பேஜிலிருந்து கேமரன் வழியாகக் கிழக்கு வாயிலில் நுழையுங்கள். முதலில் வரும் டெசர்ட் வியூவில் 1932-இல் கட்டடக் கலைஞர் மேரி கோல்டர் வடிவமைத்த கல்கோபுரம் நிற்கிறது. அதன் அடியிலிருந்தே ஆறு நன்றாகத் தெரியும். தெற்கு விளிம்பின் உயரம் சுமார் 7,000 அடி, ஏறக்குறைய நம் கொடைக்கானலின் உயரம். நடக்கச் சிரமப்படுபவர்கள் உடன் இருந்தால், பொது வண்டிகளுக்கு மூடப்பட்ட ஹெர்மிட் சாலையில் உங்கள் வண்டியையே ஓட்டிச்செல்லச் சிறப்பு அனுமதிச் சீட்டு தருகிறார்கள்; பார்வையாளர் மையத்தில் கேளுங்கள். தந்தையாருக்காக ஒன்று சொல்ல வேண்டும். யவபாய் நிலவியல் அருங்காட்சியகத்தின் அருகே ‘காலத்தின் பாதை’ என்ற தளமிட்ட நடைபாதை இருக்கிறது. அதில் ஒவ்வொரு மீட்டரும் பத்து லட்சம் ஆண்டுகளைக் குறிக்கும். பள்ளத்தாக்கின் அடியாழத்திலுள்ள 175 கோடி ஆண்டுப் பாறையும் மேல்விளிம்பின் 27 கோடி ஆண்டுச் சுண்ணாம்புக் கல்லும் அந்தந்த இடத்தில் தொட்டுப் பார்க்கும்படி வைக்கப்பட்டிருக்கின்றன. பெரியவன் கையைப் பிடித்துக்கொண்டு அவர் அதில் ஒரு காலைப் பொழுதைச் செலவிடட்டும். லாஸ் வேகாஸ் விளம்பரங்களில் வரும் கண்ணாடிப் பாலம் இங்கே இல்லை. அது ஹுவாலபாய் என்ற மற்றொரு பழங்குடி மக்களின் நிலத்தில், வெகுதொலைவில் இருக்கும் வேறிடம்.

உணவைப் பொறுத்தவரை, சிற்றூர்களில் சுத்த சைவத்துக்கு அதிகம் கிடைக்காது. குளிர்பெட்டியும் மைக்ரோவேவும் உள்ள அறைகளாகப் பாருங்கள். சிறிய ரைஸ் குக்கர், பருப்புப்பொடி, புளிக்காய்ச்சல், ஊறுகாய் ஆகியவற்றை எடுத்துக்கொண்டு, தயிரையும் காய்கறியையும் வழியில் செயின்ட் ஜார்ஜ் நகரில் வாங்கிக்கொள்ளலாம். ஒருவருக்கு நாளுக்கு ஒரு கேலன் கணக்கில் தண்ணீர் வண்டியில் இருக்க வேண்டும். வெயிலில் வெறும் தண்ணீரையே குடித்துக்கொண்டிருந்தால் உடலின் உப்பு குறையும். பிள்ளைகளுக்கு இடையிடையே உப்புள்ள நொறுக்குத்தீனி கொடுங்கள். தந்தையாருக்கு உப்பைப் பற்றி மருத்துவர் சொல்வதே முடிவு. கனாபிலும் பேஜிலும் சிறு மருத்துவமனைகள் உண்டு. பெற்றோரின் பயணக் காப்பீட்டு அட்டையும் மருந்துச் சீட்டும் கைப்பையில் இருக்கட்டும். அரிசோனாவில் அந்நாட்களில் மாலை ஆறு மணியளவில் சூரியன் மறைந்துவிடும். அதன்பின் சாலையில் மான்களும் மாடுகளும் குறுக்கே வரும் என்பதால் இருட்டில் ஓட்டாதீர்கள்.

தெற்கு விளிம்பில் பூங்காவுக்குள்ளேயே இருக்கும் விடுதிகள் ஓராண்டுக்கு முன்பிருந்தே நிரம்பத் தொடங்கும். ஆகவே இந்த வாரமே முதலில் அங்கே அறை தேடுங்கள். கிடைக்காவிட்டால் வாயிலுக்கு வெளியே உள்ள டுசாயனில் எடுங்கள். அடுத்து ஆண்டலோப், அதன்பின் மற்ற ஊர்கள் என்ற வரிசையில் முன்பதிவு செய்யுங்கள். கடைசி நாள் விடிந்ததும் புறப்பட்டு, கிங்மன் வழியாக வந்து ஹூவர் அணையில் ஒரு மணி நேரம் நில்லுங்கள். 1936-இல் முடிந்த அந்த அணையின் உயரம் 726 அடி; நம் மேட்டூர் அணை முடிந்தது 1934-இல். சேலத்துப் பொதுப்பணித் துறைப் பொறியாளர் ஒருவர் அதன் மேல் நடக்கும்போது அவரை யாரும் அவசரப்படுத்தக் கூடாது என்பதற்காகவே, பிரீமாண்ட் திரும்பும் விமானத்தை இரவு எட்டு மணிக்குப் பிறகு இருக்குமாறு பதிவு செய்யுங்கள்.